மேளக்காரருக்கும் ஒரு முகவரி வேண்டும்

"பூக்கடைக்கு விளம்பரம் எதற்கு?" என்பார்கள் பெரியவர்கள். அருப்புக்கோட்டையில் வாழும் நமக்கு இந்தப் பழமொழியை யாரும் விளக்க வேண்டியதில்லை. மல்லிகைக் கூடை ஒன்று பின்பக்கம் ஏறினால் போதும், ஓட்டுநருக்குக்கூட அது தெரிந்துவிடும். ஆனால் அந்த மணம் பேருந்துக்குள்தான் இருக்கும். சென்னையில் இருப்பவருக்கு எட்டாது. இசையும் அப்படித்தான். திருச்சுழிச் சாலையில் ஒரு கிராமத்தில் இரவில் நாதசுரம் வாசித்தால் இரண்டு மைல் தூரம் கேட்கும். மூன்றாவது மைலில் உள்ளவருக்கு அப்படி ஒருவர் இருப்பதே தெரியாது.

ஆகவே நம் வட்டாரத்து இசைக்குழு ஒவ்வொன்றுக்கும் சொந்தமாக ஓர் இணையதளம் இருக்க வேண்டும் என்பது என் தாழ்மையான கருத்து. அதை அமைத்துக் கொடுப்பதில் பள்ளியில் படிக்கும் நமக்கும் பங்கு உண்டு என்பதையும் சேர்த்தே சொல்ல விரும்புகிறேன்.

நம்முடையது வானம் பார்த்த பூமி. குண்டாற்றில் தண்ணீரைப் பார்ப்பதைவிட மணலைப் பார்க்கும் நாட்களே அதிகம். கண்மாய்க்குள் சீமைக் கருவேல் வளர்ந்து நிற்கிறது. ஆனால் இசைக்கு மட்டும் இங்கே பஞ்சம் இருந்ததில்லை. விருதுநகர் பராசக்தி மாரியம்மன் கோயில் பங்குனிப் பொங்கல், இருக்கன்குடி மாரியம்மன் கோயில் ஆடிக் கடைசி வெள்ளி, ஊர்தோறும் அம்மன் கொடை, மாதா கோயில் தேர்ப்பவனி என்று எங்கு போனாலும் மேளம் உண்டு. நையாண்டி மேளம் என்றால் இரண்டு நாதசுரம், இரண்டு தவில், பம்பை, தமுக்கு, தாளம் என்று ஒரு குடும்பமே நிற்கும். அதன் முன்னே கரகம் ஆடுவார்கள். தப்பாட்டம் உண்டு, உறுமி உண்டு. பக்கத்துத் தூத்துக்குடி மாவட்டத்து ஜமீன் கோடாங்கிபட்டி தேவராட்டத்துக்குப் பெயர் பெற்றது. தேர்ப்பவனிக்கு பேண்டு வாத்தியம் வரும்.

இவர்களுக்குப் பங்குனி முதல் ஆடி வரைதான் நல்ல காலம். மற்ற மாதங்களில் காட்டு வேலை, கரிமூட்டம், திருப்பூர்ப் பக்கம் கம்பெனி வேலை என்று பலர் கலைந்து போகிறார்கள். ஒரு குழு கலைந்தால் அடுத்த ஆண்டு அது மறுபடி கூடுமா என்பது நிச்சயமில்லை. தவில்காரர் திருப்பூரிலேயே தங்கிவிட்டால் மேளம் நின்றுவிடும். ஆகவே இதை ஏதோ விளம்பர ஆசை என்று எண்ணிவிடக் கூடாது. அந்தக் குழுவுக்கு ஆண்டில் இன்னும் பத்து நாள் வேலை கிடைக்குமா, கிடைக்காதா என்பதே இதில் அடங்கியிருக்கும் கேள்வி.

இன்று அவர்களை எப்படி ஏற்பாடு செய்கிறார்கள்? பெரும்பாலும் ஓர் இடைத்தரகர் மூலம்தான். விழாக் கமிட்டி அவரிடம் ஒரு தொகை பேசும். அவர் குழுத் தலைவரிடம் வேறொரு தொகை பேசுவார். கொடுத்தவருக்கும் வாங்கியவருக்கும் நடுவில் எவ்வளவு நின்றது என்பது அவர் ஒருவருக்கே தெரியும்.

இது எனக்குப் புதிய செய்தி அல்ல. என் தந்தை தறி நெய்பவர். ஒரு சேலையை நெய்து முடிக்க அவருக்கு நாட்கள் ஆகின்றன. அந்தச் சேலை கடைக்குப் போகும்போது அதில் கடையின் பெயர் இருக்கும், விலைச் சீட்டு இருக்கும். நெய்தவர் பெயர் இருக்காது. உடுத்திக்கொள்கிற அம்மாவுக்கு அருப்புக்கோட்டையில் இப்படி ஒருவர் இருக்கிறார் என்றே தெரியாது. அவர் நேராக வந்து இன்னொரு சேலை கேட்க வழியே இல்லை. மேளக்காரர் நிலையும் இதுவே. ஆட்டத்தைப் பார்த்தவர் ஆயிரம் பேர். தலைவரின் பெயரைத் தெரிந்துகொண்டவர் பத்துப் பேர்கூட இல்லை.

கலைஞர்கள் வெளியுலகுக்குச் சென்ற கதவுகளைச் சற்று எண்ணிப் பார்ப்போம். நாதசுரச் சக்கரவர்த்தி என்று போற்றப்பட்ட திருவாவடுதுறை டி. என். ராஜரத்தினம் பிள்ளையின் தோடி இசைத்தட்டில் ஏறியது. அவர் கோயிலுக்கு வர இயலாதவர்களும் வீட்டில் இருந்து கேட்டார்கள். அவருடைய மாணவர் காருகுறிச்சி அருணாசலம் நம் தென்பகுதிக்காரர். 1962இல் வெளிவந்த 'கொஞ்சும் சலங்கை' படத்தில் எஸ். ஜானகியின் குரலோடு அவர் நாதசுரம் ஒலித்தபின் தமிழ்நாடு முழுவதும் அவர் பெயர் பரவியது. நமக்கு அடுத்த சிவகங்கை மாவட்டத்துக் கொல்லங்குடி கருப்பாயி அவர்களின் நாட்டுப்பாடல்கள் வானொலி மூலம் ஊர் ஊராகப் போயின. 1985இல் 'ஆண் பாவம்' படத்திலும் அவர் வந்தார்.

இவர்கள் எல்லாம் பெரிய கலைஞர்கள், அதில் ஐயமில்லை. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இசைத்தட்டுக் கம்பெனி, வானொலி நிலையம், சினிமா, பிறகு வந்த கேசட்டுக் கடை ஆகிய எல்லாக் கதவுகளின் சாவியும் வேறு யாரிடமோ இருந்தது. அவர்கள் திறந்துவிட்டால்தான் கலைஞர் உள்ளே போகலாம். திறக்கப்படாமல் வெளியிலேயே நின்று, வாசித்து, வயதாகி, மறைந்துபோனவர்கள் எத்தனை பேரோ!

இந்த நிலையை மாற்றக்கூடிய ஒரு கருவி நம் காலத்தில் வந்தது. 1989இல் டிம் பெர்னர்ஸ்-லீ என்ற அறிஞர், ஜெனீவா அருகே உள்ள 'செர்ன்' ஆராய்ச்சி நிலையத்தில் வைய விரிவு வலைக்கான திட்டத்தை எழுதினார். 30-4-1993 அன்று அந்த நிலையம் அதை யாரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என்று உலகுக்கே கொடுத்துவிட்டது. இதன் பொருள் என்ன? ஓர் இணையதளம் தொடங்க எந்தக் கம்பெனியின் உத்தரவும் தேவையில்லை. சாவியைக் கலைஞரே வைத்துக்கொள்ளலாம்.

"யூடியூபும் பேஸ்புக்கும் இருக்கும்போது தனியாக இணையதளம் எதற்கு?" என்று சில தோழியர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. அவை பயனற்றவை என்று நான் சொல்லவில்லை. ஆனால் அவை வாடகை வீடு போன்றவை. வீட்டுக்காரர் காலி செய்யச் சொன்னால் பாயைச் சுருட்டிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான். 2020ஆம் ஆண்டை நினைத்துப் பாருங்கள். மார்ச் மாதம் கொரோனா ஊரடங்கு வந்தது. பங்குனி, சித்திரைத் திருவிழாக்கள் நின்றுபோயின. மேளக்காரருக்கு ஆண்டு வருமானமே போயிற்று. அந்த வேளையில் கிராமத்துக் கலைஞர்கள் பலருக்கு டிக்டாக் செயலி ஒன்றுதான் மக்களைச் சந்திக்கும் மேடையாக இருந்தது. 29-6-2020 அன்று பாதுகாப்புக் காரணங்களுக்காக மத்திய அரசு 59 செயலிகளைத் தடை செய்தபோது டிக்டாக்கும் அதில் ஒன்றாயிற்று. தடை சரியா தவறா என்பது வேறு விஷயம். அங்கே மட்டும் கடை வைத்திருந்தவரின் கடை ஒரே இரவில் மூடப்பட்டது என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது.

வெளிநாட்டிலும் இதே கதை நடந்திருக்கிறது. 2003இல் தொடங்கிய 'மைஸ்பேஸ்' என்ற தளத்தில் உலகெங்கும் உள்ள இளம் இசைக்குழுக்கள் தங்கள் பாட்டுகளை ஏற்றி வைத்தன. கணினிகளை மாற்றும் வேலையின்போது பழைய பாட்டுகளும் படங்களும் அழிந்துபோயின என்று 2019இல் அந்த நிறுவனமே ஒப்புக்கொண்டது. அங்கே மட்டும் வைத்திருந்தவர்களில் பெரும்பாலோருக்கு அவை திரும்பக் கிடைக்கவில்லை. எனவே சந்தையில் கடை போடலாம்; ஆனால் விதைநெல் வீட்டில் இருக்க வேண்டும்.

இன்னொரு செய்தியையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பெண் பிள்ளைகளாகிய நாம் இதைப் பேசத் தயங்கக் கூடாது. கரகாட்டம் என்று கைப்பேசியில் தேடிப் பாருங்கள். வீட்டுப் பெரியவர்களோடு உட்கார்ந்து படிக்க முடியாத தலைப்புகள் வருகின்றன. அந்தத் தலைப்பை ஆடிய பெண் எழுதவில்லை. கூட்டத்தில் நின்று படம் பிடித்த யாரோ எழுதியது அது. தலையில் செப்புக் குடம் அசையாமல் நிற்க, கண்ணிமையால் ஊசி எடுக்கும் அளவுக்குப் பல ஆண்டுகள் பழகிய ஒருத்தியின் உழைப்பு, முன்பின் தெரியாத ஒருவனுடைய நான்கு கெட்ட வார்த்தைகளுக்குக் கீழே கிடக்கிறது. அவள் பெயர் எங்கும் இல்லை. அவளுடைய மகள் நம்மைப் போல ஏதோ ஒரு பள்ளியில் படித்துக்கொண்டிருப்பாள். அந்தச் சிறுமியின் மனம் என்ன பாடுபடும்!

சட்டம் அவளைக் கைவிடவில்லை. நம் நாட்டுப் பதிப்புரிமைச் சட்டம் 1957ஆம் ஆண்டைச் சேர்ந்தது. நிகழ்த்துகலைஞர் என்று அந்தச் சட்டம் சொல்லும்போது பாடகர், ஆடுபவர், வாத்தியக்காரர் மட்டுமல்ல, கழைக்கூத்தாடியும் பாம்பாட்டியும்கூட அதில் அடங்குவர். 2012இல் செய்த திருத்தத்தின்படி, நிகழ்ச்சியை நடத்தியவர் இவர்தான் என்று அடையாளம் காட்டப்படவும், தன் பெயருக்குக் களங்கம் வரும்படி அது திரிக்கப்பட்டால் தடுக்கவும் கலைஞருக்கு உரிமை உண்டு. ஆனால் சட்டப் புத்தகத்தில் இருக்கும் உரிமை கரகாட்டக்காரியின் கைக்கு எப்போது வரும்? அவள் தன் பெயரைத் தானே சொல்லிக்கொள்ள ஓர் இடம் இருந்தால், அது முதல் படியாகும்.

இனி, அந்த இணையதளம் எப்படி இருக்க வேண்டும் என்று பார்ப்போம். அலங்காரம் செய்து குவிப்பதால் பயன் இல்லை. விழாக் கமிட்டித் தலைவர் ஒருவர் நரிக்குடியிலோ பந்தல்குடியிலோ ஒரு டீக்கடையில் உட்கார்ந்து கைப்பேசியில் அதைத் திறக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருக்கு இரண்டு நிமிடத்தில் மூன்று கேள்விகளுக்கு விடை கிடைக்க வேண்டும். இவர்கள் யார்? எப்படி வாசிப்பார்கள்? எப்படிப் பேசி முடிப்பது? இந்த மூன்றுக்கும் உதவாத எதுவும் முதல் பக்கத்தில் வேண்டாம்.

முதலாவது, பெயர். குழுவின் பெயர், ஊர், தாலுகா, குழுவில் உள்ள ஒவ்வொருவர் பெயர், அவர் வாசிக்கும் வாத்தியம் ஆகியவற்றை எழுத வேண்டும். குரு யார் என்பதையும் சொல்ல வேண்டும். தமுக்கு அடிக்கும் சிறுவனாயினும் அவன் பெயர் விடுபடலாகாது. இவை யாவும் எழுத்தாக இருக்க வேண்டும். திருவிழா நோட்டீசைப் படம் பிடித்து அப்படியே ஒட்டிவைத்தால், தேடுபவர் கண்ணில் அது எளிதில் படாது. தமிழ் எழுத்தில் 'நையாண்டி மேளம், அருப்புக்கோட்டை' என்று எழுதி, ஆங்கில எழுத்தில் தேடுபவருக்காக அதையே ஒருமுறை அந்த எழுத்திலும் எழுதிவைத்தால் இருவருக்கும் கிடைக்கும்.

இரண்டாவது, ஒலி. மேளம் என்பது கேட்க வேண்டிய பொருள். ஆகவே முதல் பக்கத்திலேயே ஒரு நிமிட வாசிப்பு இருக்கட்டும். ஆனால் பக்கம் திறந்தவுடன் அது தானாக அலறக் கூடாது. தொட்டால்தான் ஒலிக்க வேண்டும். சாதாரணத் தரத்தில் ஒரு நிமிட ஒலிக்கு ஏறத்தாழ ஒரு மெகாபைட் ஆகும். அதே ஒரு நிமிடத்தை உயர்தர வீடியோவாக வைத்தால் பத்து மடங்குக்கு மேல் ஆகிவிடும். கோபுரச் சிக்னல் சரியாக எட்டாத நம் கிராமங்களில் அந்தச் சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கும். பார்ப்பவர் மூடிவிட்டுப் போய்விடுவார். புகைப்படங்களையும் சிறிதாக்கிப் போட வேண்டும். பதிவு செய்யும்போது கைப்பேசியைத் தவிலுக்கு அருகில் வைத்தால் நாதசுரம் அமுங்கிவிடும். பத்தடி தள்ளி, காற்று அடிக்காத மண்டபத்தில், ஒலிபெருக்கி இல்லாமல் பதிவு செய்வது நல்லது.

மூன்றாவது, பேசி முடிக்கும் வழி. எத்தனை பேர் வருவார்கள், எத்தனை மணி நேரம், வண்டிச் செலவு யாருடையது, சாப்பாடும் தங்குமிடமும் வேண்டுமா, முன்பணம் எவ்வளவு, எந்தத் தேதிகள் காலியாக உள்ளன என்று தெளிவாக எழுத வேண்டும். இப்படி எழுதிவிட்டால் நடுவில் ஒருவர் நின்று ஒரு விலையை இரண்டாக்க முடியாது. உழைப்பவருக்கு இதைவிடப் பெரிய உதவி என்ன இருக்கிறது?

நான்காவது, பெண்களின் பாதுகாப்பு. ஆடும் பெண்ணின் சொந்தக் கைப்பேசி எண்ணையோ வீட்டு முகவரியையோ போடவே கூடாது. நள்ளிரவில் வரும் அழைப்புகளுக்கு அவள் பதில் சொல்லும்படி ஆகிவிடும். குழுவுக்கென்று தனியாக ஓர் எண் வைத்து, பொறுப்பான ஒருவர் அதை எடுக்க வேண்டும். எந்தப் படத்தைப் போடலாம் என்பதை அந்தப் படத்தில் இருப்பவரே முடிவு செய்ய வேண்டும். குழந்தைகளின் படமானால் பெற்றோரைக் கேட்காமல் போடலாகாது.

ஐந்தாவது, சாவி. இதுவே எல்லாவற்றிலும் முக்கியம். இணையதள முகவரியை ஆண்டுக்கு ஒருமுறை பணம் கட்டிப் புதுப்பிக்க வேண்டும். சாதாரணமாக அது ஆயிரம் ரூபாய்க்குள்ளோ அதை ஒட்டியோ முடிந்துவிடும். அந்த முகவரி குழுத் தலைவர் பெயரில் பதிவாகி இருக்க வேண்டும். கடவுச்சொல் அவரிடம் இருக்க வேண்டும். அமைத்துக் கொடுத்தவர் தன் பெயரில் பதிவு செய்துகொண்டால், பழைய இடைத்தரகர் போய்ப் புதிய இடைத்தரகர் வந்ததாகத்தான் ஆகும். ஒலிப்பதிவுகளின் பிரதி ஒன்று தனியாகக் குழுவினர் வீட்டிலும் இருக்க வேண்டும்.

"எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு இதெல்லாம் எதற்கு?" என்று கேட்பவர்களும் உண்டு. நாதசுரத்தின் துளைகளில் கமகம் பிடிக்கத் தெரிந்தவருக்கு ஒரு கடவுச்சொல்லை நினைவில் வைப்பது பெரிய காரியமா? தவிர, அவர் வீட்டில் இன்று ஒரு பிள்ளையாவது உயர்நிலைப் பள்ளியில் படிக்கிறது. "செல்போனால் பிள்ளைகள் கெட்டுப்போகிறார்கள்" என்று பெற்றோர் அஞ்சுகிறார்கள். அந்த அச்சம் அர்த்தமற்றது அல்ல. ஆனால் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே இருப்பது ஒன்று. அதைக் கொண்டு பிறருக்கு உழைப்பது வேறு. அடுப்பு சுடும் என்பதற்காக யாரும் சமையலை நிறுத்துவதில்லை.

இணையதளம் இருந்தால் மட்டும் கலை வளர்ந்துவிடுமா என்றால், இல்லை. வாசிப்பு நன்றாக இருக்க வேண்டும். நேரத்துக்கு வர வேண்டும். குடித்துவிட்டு வரக் கூடாது. நல்ல கலைஞனை நாடு மதிக்கத்தான் செய்கிறது. அலங்காநல்லூரைச் சேர்ந்த பறை இசைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. ஒரு காலத்தில் பலர் ஒதுக்கி வைத்த தோற்கருவிக்குக் கிடைத்த மரியாதை அது. ஆனால் விருது ஆயிரத்தில் ஒருவருக்குத்தான் கிடைக்கும். மீதி 999 பேருக்கு வேண்டியது அடுத்த வாரத்துக்கு ஒரு நிகழ்ச்சி. நம் ஊர்த் திருவிழாக்களுக்கே இப்போது கேரளத்திலிருந்து செண்டை மேளம் வரவழைக்கிறார்கள். செண்டையும் நல்ல கலையே. அதன்மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் பக்கத்துக் கிராமத்து உறுமி எங்கே இருக்கிறது என்று தேடினாலும் கிடைக்காத நிலை நமக்குப் பெருமை தராது.

ஆகவே அருட்சகோதரியரிடமும் ஆசிரியைகளிடமும் பெற்றோரிடமும் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். ஆண்டுக்கு ஒரு குழுவைத் தேர்ந்தெடுப்போம். ஒன்பதாம், பத்தாம் வகுப்பு மாணவியர் நால்வர் சேர்ந்து, ஆசிரியை ஒருவர் துணையோடு அந்த ஊருக்குச் செல்வோம். ஒருத்தி பெயர்களையும் வரலாற்றையும் எழுதட்டும். ஒருத்தி ஒலியைப் பதிவு செய்யட்டும். ஒருத்தி படம் எடுக்கட்டும். ஒருத்தி கணினியில் பக்கத்தை அமைக்கட்டும். எழுதியதைக் குழுவினருக்குப் படித்துக் காட்டி, அவர்கள் சம்மதம் பெற்ற பிறகே வெளியிடுவோம். சாவியை அவர்கள் கையில் கொடுத்துவிட்டு, அடுத்த பங்குனிக்கு முன் ஒருமுறை போய்த் தேதிகள் சரியாக உள்ளனவா என்று பார்த்துவருவோம். நமக்குக் கணினிப் பாடத்தில் செய்முறைப் பயிற்சி. அவர்களுக்கு ஒரு முகவரி.

ஆண்டுக்கு ஒன்று என்றால் பத்து ஆண்டில் பத்துக் குழுக்கள். அதிகம் இல்லைதான். ஆனால் அந்தப் பத்துக் குழுக்களில் உள்ள தவில்காரர்களும், நாதசுரக்காரர்களும், கரகம் எடுக்கும் அக்காமார்களும் தங்கள் சொந்தப் பெயரில் அழைக்கப்படுவார்கள். அவர்கள் பிள்ளைகள் அந்தப் பக்கத்தைத் திறந்து, "இது எங்கள் அம்மா" என்று வகுப்புத் தோழியரிடம் காட்டுவார்கள்.

பத்தாம் வகுப்பு மாணவி